பெத்லகேமில் வாசித்த பெயர்கள்

பொருத்தனை அம்மாவுடையது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தபோது, "ஆண்டவரே, ஒரு பிள்ளையைத் தாரும், நீர் பிறந்த ஊருக்கே வந்து ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்" என்று ஜெபித்திருந்தார்கள். பிள்ளை பிறந்தது. அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சரி, அக்காவும் நானும் போவதென்று முடிவானது. காணிக்கைக் கவரைக் கையில் கொடுத்து, "மத்தேயு முதல் அதிகாரத்தை அங்கே வைத்து வாசியுங்கள், ஒரு பெயரையும் விடக்கூடாது" என்றார்கள்.

எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே உயரமான சுவரும் சோதனைச் சாவடியும். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒலிவமரச் சிலுவை விற்கிறவர்கள் விடவே இல்லை. பணம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுவதாக ஒருவர் அக்காவின் காதோரமாய் வந்து சொன்னார். பிறந்த இடத்தைப் பார்க்கவும் தரகா!

இயேசு பிறந்த இடத்தின்மேல் கட்டிய ஆலயத்தின் வாசல் 1.2 மீட்டர் உயரம்தான். யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கூட்டம். வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்ற குழு தூணுக்குத் தூண் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எரிச்சலோடு தலையைத் தூக்கினேன். வலப்பக்கச் சுவரில், தூண்களுக்கு மேலே, தங்கப் பின்னணியில் சில முகங்கள். 1169-ஆம் ஆண்டு வாக்கில் பதித்த வண்ணக்கல் ஓவியம், மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாறு என்றார் வழிகாட்டி. பெரும்பகுதி உதிர்ந்துபோய், கடைசிப் பகுதியில் சிலர்தான் மிச்சமாம்.

அக்கா அங்கேயே வேதாகமத்தைத் திறந்தாள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று வேகமாகப் போனவள், எகோனியா வந்ததும் நிறுத்தினாள். என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் உன்னைக் கழற்றி எறிவேன் என்று எரேமியா 22-இல் கர்த்தர் சொன்னது இந்த ராஜாவைத்தான். பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனவன். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் வம்சத்தில் வந்த சொரொபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று ஆகாய் தீர்க்கதரிசி மூலமாக அதே கர்த்தர் சொல்லுகிறார். கழற்றின மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்ட தேவன்!

அப்புறம் ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத். இவர்களுக்கு ஒரு கதையும் இல்லை. சிங்காசனம் போய்விட்டது, மல்கியாவுக்குப் பின் தீர்க்கதரிசியும் இல்லை. பிறந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மண்ணுக்குள் போனார்கள். தங்கள் வீட்டு வழியாகத்தான் மேசியா வரப்போகிறார் என்று எலியூதுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவருக்குத் தெரியாமலேயே வாக்குத்தத்தம் அவர் வீட்டைக் கடந்து போயிருக்கிறது. அம்மா ஏன் ஒரு பெயரையும் விடக்கூடாது என்றார்கள் என்று எனக்கு அந்தச் சுவருக்குக் கீழேதான் புரிந்தது.

ஆலயத்துக்குக் கீழே, இயேசு பிறந்ததாகச் சொல்லும் குகைக்குள் படி இறங்கினோம். பளிங்குத் தரையில் வெள்ளி நட்சத்திரம். அதற்கு 14 முனைகள். ஆபிரகாம் முதல் இயேசு வரை மத்தேயு எண்ணும் மூன்று பதினான்கு தலைமுறைகளை நினைப்பூட்டுவது என்கிறார்கள். காவலாளி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அக்கா முழங்காலில் நின்று நட்சத்திரத்தின்மேல் கையை வைத்தாள். மனப்பாடம் பண்ணி வந்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "எங்க வீட்டு வேதாகமத்திலும் எழுத ஒரு பெயர் கொடுத்தீரே ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி அழுதாள். தாத்தா காலத்திலிருந்து பிறந்தநாள், ஞானஸ்நானம் எல்லாம் எழுதிவரும் பக்கம் அது. அவள் கல்யாணத்துக்குக் கீழே வெகுகாலம் ஒன்றுமே எழுதாமல் கிடந்தது. காவலாளி தோளைத் தட்டியதும் எழுந்தோம். நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பது மட்டுந்தான் வந்தது.

காணிக்கையைப் போட்டுவிட்டு வெளியே வர நேரமாகிவிட்டது. வழிகாட்டி முறைத்தார். முறைக்கட்டும்.

பஸ் பெய்த்சாகூர் வயல்களின் பக்கம் திரும்பியது. ரூத் கதிர் பொறுக்கியது இங்கேதான் என்பது பாரம்பரியம். அந்த மோவாபியப் பெண்ணின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. ரூத் பெற்ற ஓபேதை அவள் மாமியார் நகோமி மடியில் வைத்து வளர்த்ததையும், அயல்வீட்டுப் பெண்கள் நகோமிக்கே பிள்ளை பிறந்ததாகச் சொன்னதையும் அக்கா சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம அம்மாவும் இப்படித்தானே, பிள்ளையை என்கிட்ட எங்கே தர்றாங்க?"