தப்பான துருவத்தில் போன 20 மார்க்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. துருவப் பகுதிகளின் சர்வதேசச் சட்டம், இரண்டாவது முயற்சியில் 68. போன முறை 41, ஃபெயில். இரண்டு தடவையும் படித்தது ஏறக்குறைய ஒரே நோட்ஸ்தான்.

போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. நார்வேயின் வட கரையிலிருந்து 150 கடல் மைலில் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் கடலடி மண்ணை எடுக்கிறது, அனுமதி வாங்கவில்லை. ‘ஆய்வுச் சுதந்திரம்’ என்று கண்ணில் பட்டதும் கை தானாக 1959 அண்டார்டிக் ஒப்பந்தம், பிரிவு 2 என்று ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று பக்கம்! அந்த ஒப்பந்தமோ 60 டிகிரி தென் அட்சரேகைக்குத் தெற்கே மட்டும்தான் செல்லும். வடக்கே பேச வேண்டியது கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 246: பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) ஆய்வுக்குக் கரையோர நாட்டின் சம்மதம் வேண்டும்.

இந்த முறை கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம். சம்பவ இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ‘யார் கடல்?’. அதற்கு முன்னால் ஒரு வரிகூட எழுதவில்லை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் சில:

- அண்டார்டிக் ஒப்பந்தத்தின் பிரிவு 2-ஐத் தனியாகப் படிக்காதீர்கள். ஏழு நாடுகளின் நில உரிமைச் சண்டையைப் பிரிவு 4 அப்படியே உறையவைத்திருக்கிறது. அதனால்தான் அங்கே ஆய்வுச் சுதந்திரம் நடைமுறையில் நிற்கிறது.
- 1991 மாட்ரிட் நெறிமுறை (அண்டார்டிக் சுற்றுச்சூழலைக் காப்பது): கனிமத் தடையில் ஆய்வுக்கு விலக்கு உண்டு, சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கிடையாது.
- கடல் சட்டத்தில் 246 படித்தால் 252-ம் சேர்த்து. விவரம் கொடுத்து நான்கு மாதத்துக்குள் கரையோர நாடு வாய் திறக்காவிட்டால், விவரம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து ஆய்வைத் தொடங்கலாம்.
- நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகள் பற்றிய 1920 ஒப்பந்தம் ஆய்வுச் சுதந்திரம் தரவில்லை. ஆய்வுக்குத் தனி உடன்படிக்கை வரும் என்றது. அது வரவே இல்லை.

‘ஆய்வுக்காக’ என்று ஜப்பான் அண்டார்டிக் கடலில் திமிங்கிலம் கொன்றது பற்றி சர்வதேச நீதிமன்றம் 2014-இல் முடித்த வழக்கை மட்டும் தீர்ப்பையே எடுத்துப் படித்தேன். எது அறிவியல் என்று நீதிமன்றம் இலக்கணம் வகுக்கவில்லை. ஜப்பானின் திட்டம் சொன்ன நோக்கத்துக்கு, அதன் வடிவமைப்பும் கொல்லும் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்றுதான் பார்த்தது. நான்கு நாள் போனது, வருத்தமில்லை. குழுவாகப் படிக்கிறவர்களுக்கு இப்படித் தனியாக உட்கார்ந்து படிப்பது சரிப்படுமா தெரியாது. நாலு பேர் பேசினால் நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆர்க்டிக்கின் எட்டு நாடுகள் 2017-இல் போட்ட அறிவியல் ஒத்துழைப்பு உடன்படிக்கை ‘வராது’ என்று விட்டேன். 5 மார்க்குக்கு வந்தது.