பைத்தான் கையேட்டைப் புதுப்பித்த அனுபவம்: ஓடுகிற நிரல், பொய்யாகிப்போன விளக்கம்

பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்பு வரைக்கும் எழுதி வெளிவந்த என் கையேட்டை 3.14 வரைக்கும் கொண்டுவந்து, ஒருவழியாக அச்சுக்கு அனுப்பியாகிவிட்டது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் இருந்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குக் கொஞ்சமாவது உதவட்டும்.

புது அம்சங்களைச் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. மேட்ச்-கேஸ், எக்செப்ஷன் குரூப், டி-ஸ்ட்ரிங் எல்லாவற்றுக்கும் பெப் ஆவணம் (மொழியில் வரும் மாற்றத்தை முன்மொழிந்து விளக்குவது) இருக்கிறது, ஒவ்வொரு பதிப்புக்கும் ‘வாட்ஸ் நியூ’ பக்கம் இருக்கிறது. படித்து, ஓட்டிப் பார்த்து, எழுதிவிடலாம். உயிரை எடுத்தவை பழைய வாக்கியங்கள்தான்.

எஃப்-ஸ்ட்ரிங்கை, அதாவது சுருள் அடைப்புக்குள் மாறியையோ கணக்கையோ போட்டு எழுதும் எழுத்துச்சரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 3.11 வரைக்கும், வெளியே இரட்டை மேற்கோள் போட்டால் உள்ளே சுருள் அடைப்புக்குள் அதே மேற்கோளைப் போட முடியாது. அடைப்புக்குள் பேக்ஸ்லாஷும் (\) கூடாது. 3.12இல் பெப் 701 வந்து இரண்டு தடையையும் நீக்கிவிட்டது. எஃப்-ஸ்ட்ரிங் அத்தியாயத்தில் இதைத் திருத்த ஒரு பத்தி போதும். ஆனால் அந்தத் தடை புத்தகம் முழுக்கப் பரவிக் கிடந்தது. பட்டியலை வரிக்கு ஒன்றாக அச்சிடும் உதாரணம் ஒன்றில், பேக்ஸ்லாஷோடு எழுதப்படும் புதுவரிக் குறியை முதலில் ஒரு மாறியில் போட்டுவைத்து, அதிலிருந்து பட்டியலைக் கோத்துத் தரும் ஜாயினை அழைத்திருந்தேன். அந்த மாறி அங்கே இருப்பதற்கு ஒரே காரணம் பேக்ஸ்லாஷ் தடை. “இப்படித்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை” என்று கீழே விளக்கம் வேறு. நிரல் 3.14இலும் நன்றாக ஓடுகிறது, சோதனைகள் எல்லாம் தேறுகின்றன, விளக்கம் மட்டும் பொய்யாகிவிட்டது. இதை எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது.

கடைசியில் கைகொடுத்தது மிக எளிய வழி. ‘முடியாது’, ‘கூடாது’, ‘மட்டுமே’, ‘வேறு வழியில்லை’ ஆகிய சொற்களைக் கோப்பு முழுக்கத் தேடி, ஒவ்வொரு தடையையும் புது பைத்தானில் வேண்டுமென்றே மீறிப் பார்த்தேன். மீற முடிந்தால் வாக்கியம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள். 3.11க்கு 2027 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அதை வைத்திருக்கும் வாசகருக்கு அந்தத் தடை இன்னும் உண்மை. “3.11 வரை” என்று எல்லை கட்டி எழுதுவதுதான் சரி.

பிழைச் செய்திகள் அத்தியாயத்தை அநேகமாக முழுதாகவே மாற்ற வேண்டிவந்தது. 3.10இலிருந்து செய்திகள் வெகுவாக மேம்பட்டுவிட்டன. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பிழை அடுத்த வரியைக் காட்டும், அதனால் “மேல் வரியையும் பாருங்கள்” என்று அறிவுரை எழுதியிருந்தோம். இப்போது எந்த அடைப்பு மூடப்படவில்லை என்று பைத்தானே சொல்லிவிடுகிறது. வாசகருக்கு நல்லதுதான். புத்தகத்தில் அச்சான செய்தியும் திரையில் வரும் செய்தியும் வேறு வேறாக இருந்தால் ஆரம்பநிலை வாசகர் மிரண்டுபோவார், அதனால் ஒன்றையும் விடாமல் மறுபடி ஓட்டி எடுத்தேன். உதாரணங்களை ஓட்டி வெளியீட்டைச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எக்செப்ஷன் (பிழை) விவரத்தைக் கண்டுகொள்ளாதே என்ற விருப்பத்தை இயக்கி வைத்திருந்தால், புதுப்பிக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செய்தி மாறியதே தெரியாது.

அதேபோல எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாக எடுத்துக்கொள்ளும் விருப்பத்தோடு எல்லா உதாரணங்களையும் ஒருமுறை ஓட்டுங்கள். ‘இது கைவிடப்படுகிறது’ என்று சொல்லும் டிப்ரிகேஷன் எச்சரிக்கை, இம்போர்ட் செய்த மாட்யூலுக்குள்ளிருந்து, அதாவது வேறொரு நிரல் கோப்பிலிருந்து, வந்தால் வழக்கமாகக் கண்ணில் படாது. டேட்டைமில் உலகப் பொது நேரத்தைத் தரும் யுடிசிநவ் அப்படித்தான் பதுங்கியிருந்தது. 3.12இலேயே கைவிடத் தொடங்கிவிட்டார்கள், உதாரணமோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று: “அடுத்த பதிப்பில் இப்படி ஆகும்” என்று அச்சில் எழுதவே எழுதாதீர்கள். அனோட்டேஷன்கள் (வகையைச் சொல்லும் குறிப்புகள்) எல்லாம் தாமாகவே ஸ்ட்ரிங்காக மாறும் பெப் 563, 3.10இல் கட்டாயமாகும் என்று அதிகாரப்பூர்வ ஆவணமே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் முந்தைய பதிப்பில் ஒரு பகுதியே எழுதினேன். 2021 ஏப்ரலில், பீட்டா (சோதனை வெளியீடு) வரப்போகும் நேரத்தில், அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கடைசியில் 3.14இல் வந்தது பெப் 649, வழியே வேறு: அனோட்டேஷன் ஸ்ட்ரிங் ஆவதில்லை, தேவைப்படும்போதுதான் மதிப்பிடப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் என் புத்தகத்தைப் படித்துக் குழம்பியவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போதெல்லாம் மே மாதத்தில் முதலாவது பீட்டா வந்து அம்சங்கள் உறைந்த பிறகுதான் ஒரு பதிப்பைத் தொடுவது, அக்டோபரில் இறுதி வெளியீட்டில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பது.

அப்புறம் பதிப்பகம். முதல் மெய்ப்பை (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியை) பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. நிரல்களில் இருந்த நேர் மேற்கோள்கள் எல்லாம் அழகான வளைந்த மேற்கோள்களாகியிருந்தன. கட்டளை வரியில் வரும் இரட்டைக் கோடு ஒற்றை நீளக் கோடாகியிருந்தது. வாசகர் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஒன்றும் வேலை செய்யாது. பட்டியல் போட்டு அனுப்பினேன், கையால் திருத்தினார்கள். அடுத்த மெய்ப்புக்கு மூலக் கோப்பை மறுபடி உள்ளே எடுத்தார்கள், எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. “வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்” என்று வடிவமைப்பாளர் சொன்னபோது பொறுமை போய்விட்டது. நிரலுக்கென்று தனி பாணி வைத்து, அதில் தானியங்கி மாற்றத்தை நிறுத்துங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்குப் பிறகும் நம்பவில்லை. இறுதி பிடிஎஃபிலிருந்து நிரல்களைப் பிரித்தெடுத்து, வெற்றிடத்தை விட்டுவிட்டு மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டேன். பிடிஎஃபில் இண்டெண்டேஷன் (வரி தொடக்கத்தில் விடும் இடைவெளி) சரியாக வராது, அதை மட்டும் கண்ணால் பார்த்தேன். சில கோடுகள் அப்போதும் சிக்கின.

கடைசி இழுபறி சொல்லடைவில். 3.13இல் 19 பழைய மாட்யூல்களை ஒரேயடியாக நீக்கினார்கள்: சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் இவையெல்லாம். பக்கம் மிச்சம் என்று சொல்லடைவிலிருந்தும் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்றார் ஆசிரியர் குழுவில் ஒருவர். இல்லாத ஒன்றுக்கு எதற்கு இடம் என்பது அவர் கேள்வி. என் பதில் இது: வேறொருவர் எழுதிய பழைய நிரலைப் பராமரிக்கிறவர்தான் கையேட்டில் டெல்நெட்லிப்பைத் தேடுவார். அவருக்குத் தேவை, எந்தப் பதிப்பில் போனது, பதிலுக்கு எதைப் பார்ப்பது என்ற ஒரே வரி. பேசிப் பேசி அரைப் பக்க அட்டவணைக்குச் சம்மதம் வாங்கினேன். பத்தொன்பதும் உள்ளே இருக்கின்றன.