கட்டுக்குள் இருக்கும் தோள்

3 ஜூன் 2024, திங்கள்

சுப்ராஸ்பைனேட்டஸ் என்பது தோள்பட்டை எலும்பின் மேற்புறத்தில் இருந்து கையை உயர்த்த உதவும் தசை. கிழிந்த அதன் நாணை எலும்போடு மீண்டும் தைத்த அறுவைக்குப் பிறகு, பெயின்டர் ஒருவர் இன்று என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தாங்குகட்டான ஸ்லிங்கில் போட்டுவிட்டால் தோளுக்கு முழு ஓய்வு கிடைத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஸ்லிங் கை அசைவதைத் தடுக்குமே தவிர, தசை சுருங்குவதைத் தடுக்காது; தையலை இழுப்பதோ அந்தச் சுருக்கம்தான்.

6 ஜூன், வியாழன்

எந்த அசைவில் எந்தத் தசை எவ்வளவு இயங்குகிறது என்பதைத் தசை மின்பதிவு காட்டுகிறது. சுப்ராஸ்பைனேட்டஸின் மேல், கழுத்திலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் பரவும் டிரபீசியஸ் தசை படர்ந்திருப்பதால், தோல்மீது ஒட்டும் மின்முனை பெரும்பாலும் மேல்தசையின் மின்குறிப்பையே பிடிக்கும். எனவே ஆய்வாளர்கள் மெல்லிய கம்பியை ஊசி வழியாக உள்ளே செலுத்திப் பதிவு செய்கிறார்கள். அந்தத் தசையின் முழுச் சுருக்கத்தை 100 எனக் கொண்டு, தொடக்க வாரங்களில் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும் பயிற்சியை ஏற்கத்தக்கதாகக் கருதுவது ஒரு வழக்கம். பெரும்பாலும் நலமான தோள்களில் அளந்த எண் இது. நாணில் விழும் இழுவிசையை இது நேரடியாகச் சொல்வதில்லை என்பதால், இதை எல்லைக்கோடாக அன்றி எச்சரிக்கையாகவே கொள்கிறேன்.

14 ஜூன், வெள்ளி

இன்று ஊசல் பயிற்சி. பாஸ்டன் அறுவை மருத்துவர் கோட்மேனின் பெயரால் அறியப்படும் இப்பயிற்சியில், குனிந்து நின்று உடலை ஆட்ட வேண்டும். கை தானாக ஆட வேண்டும். இவரோ கையாலேயே பெரிய வட்டம் போட்டார். நிறுத்தியபோது, "வலிக்கலையேம்மா, வலிக்காதது எப்படிக் கெடுதல் பண்ணும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தைத்த இடம் வலியில்லாமலும் விலகக்கூடும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 51 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள், முறையாகச் செய்தபோதுகூட, 15 விழுக்காட்டைத் தாண்டின, 20 செ.மீ. வட்டங்களில் இயக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. முழ அளவு வட்டம் வேண்டாம், ஒரு சாணுக்குள் போதும் என்றேன், அது அவருக்கு உடனே பிடிபட்டது. அதே ஆய்வில் பாட்டிலைத் தூக்கி நீர் குடிப்பதும் அந்த அளவைத் தாண்டியது. பயிற்சி நேரத்தில் காட்டும் கவனத்தைச் சாப்பாட்டு நேரத்திலும் காட்டும்படி அவர் மனைவியிடமும் சொல்லி அனுப்பினேன்.

24 ஜூன், திங்கள்

ஸ்லிங்கிலேயே தோள்பட்டை எலும்பை மெதுவாகப் பின்னிழுத்தல், மணிக்கட்டு, விரல் அசைவுகள்.

நல்ல கையை வேகமாக வீச வேண்டாம் என்றும் சொன்னேன். உடலைச் சமன் செய்யக் கட்டுப் போட்ட பக்கத்துத் தசைகளும் அப்போது இயங்குகின்றன. எடை தூக்கிப் பழகிய உடல்கள் இந்தக் கட்டுப்பாட்டை எளிதில் ஏற்பதில்லை.

15 ஜூலை, திங்கள்

ஸ்லிங்கை எடுக்க மருத்துவர் அனுமதித்துவிட்டார். மல்லாந்து படுக்கவைத்து, தசையைத் தளர்த்தச் சொல்லி, அவருடைய கையை நானே உயர்த்தினேன். நின்றபடி தானாக உயர்த்துவதைவிட இதில் தசையின் வேலை மிகக் குறைவு. நல்ல கையின் துணையோடு உயர்த்துவதை அடுத்த வாரம் தொடங்குவோம்.