துகள் தொலைந்தாலும் விஷம் போலத்தான் தெரியும்

பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்க அசிட்டைல்கோலின்எஸ்டெரேஸ் என்ற என்சைமைக் காந்தத் துகளில் ஏற்றும்போது, அதைத் தாராளமாகப் போடத்தான் கை போகும். இந்த என்சைம் அசிட்டைல்தயோகோலினை உடைத்துத் தயோகோலினைத் தரும், அது எலெக்ட்ரோடில் கரண்ட் தரும். பூச்சிக்கொல்லி என்சைமை முடக்கினால் கரண்ட் குறையும், அதைத்தான் அளக்கிறோம். என்சைம் கூடினால் கரண்ட் நன்றாக ஏறும், மனசுக்கும் திருப்தி. ஆனால் என்சைம் மிதமிஞ்சி இருந்தால், பாதி செத்தாலும் மீதியே எலெக்ட்ரோடுக்குப் போதுமான தயோகோலினைக் கொடுத்துவிடும். விஷம் இருந்தும் கணக்கில் வராது. தெளிவாக அளக்க முடிகிற குறைந்த அளவோடு நிறுத்துவதே நல்லது.

மேல்பரப்பில் கார்பாக்சில் தொகுதி உள்ள துகள் என்றால் எம்இஎஸ் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 5.5 முதல் 6 வரை, ஈடிசி என்ற இணைப்பு வேதிப்பொருளைப் போட்டு என்சைமை ஒட்டலாம். அந்தக் கட்டத்தில் டிரிஸ் பஃபர் பக்கமே போகக்கூடாது. அதன் அமீன் என்சைமுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகளை 4 டிகிரியில் வைக்க வேண்டும். காயவும் விடக்கூடாது, உறையவும் விடக்கூடாது, கட்டிதட்டிப் போகும்.

காந்தத்தின் உண்மையான லாபம் கழுவுவதில் இருக்கிறது. தக்காளிச் சாற்றிலுள்ள வைட்டமின் சி எலெக்ட்ரோடில் தானே கரண்ட் தரும். சாற்றில் 10 நிமிடம் ஊறிய துகளை இழுத்துப் பிடித்துக் கழுவினால் அது போய்விடும். என்சைமோடு பிணைந்த ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி மட்டும் தங்கும். ஆபத்தும் இங்கேதான். டியூபைக் காந்தத்தில் வைத்து, நீர் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை காத்திருங்கள். லேசான பழுப்பு இருக்கும்போதே உறிஞ்சினால் துகளும் கூடவே போகும். கரண்ட் குறையும், சாற்றில் விஷம் என்று எழுதிவிடுவோம். மருந்தே படாத சாற்றையும் அதே தடவை கழுவி அளந்தால்தான் இது பிடிபடும்.

இந்த வகையில் மோனோகுரோட்டோபாஸ் என்சைமை நேரடியாகத் தாக்கும். குளோர்பைரிபாஸ் அப்படியில்லை, அதை ஆக்சன் என்ற, என்சைமைத் தாக்கும் வடிவமாக மாற்றாமல் சோதித்தால் பெரும்பாலும் தப்பிவிடும். என்-புரோமோசக்சினிமைடு என்ற ஆக்சிஜனேற்றி மாற்றித் தரும். ஆனால் மிச்சமாகும் புரோமோசக்சினிமைடை வைட்டமின் சி ஊற்றி அடக்காவிட்டால், அதுவே என்சைமைக் கெடுத்துவிடும்.

கரண்ட் குறைந்தது விஷத்தாலா, துகள் தொலைந்ததாலா என்று சந்தேகம் வந்தால், முடங்கிய என்சைமை மீட்கும் பிராலிடாக்சிம் இருக்கிறது. விஷத்தால் விழுந்த கரண்ட், என்சைம் முதிர்ந்துபோகாதவரை (விஷப் பிணைப்பு மீட்க முடியாதபடி இறுகாதவரை), ஓரளவாவது மீளும். தொலைந்த துகளின் கரண்ட் மீளாது. அளக்கும் முன் பிராலிடாக்சிமைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். அது என்சைம் இல்லாமலேயே அசிட்டைல்தயோகோலினை உடைக்கும்.