ஆராதனை நேரத்தில் குழந்தைகள் அறை: எங்கள் சேகரத்தில் அமைத்த விதம்

பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் பலர் பிரசங்கம் முழுவதையும் வெளித் தாழ்வாரத்தில் நின்றபடியே கழித்து வந்தார்கள். எல்.கே.ஜி. வயது வந்த பிறகே ஞாயிறு பள்ளியில் சேர்ப்போம் என்பதால், அதற்குச் சிறிய குழந்தைகளுக்கென்று ஏற்பாடு எதுவும் இல்லாதிருந்தது. ஆராதனை நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டுமென்று பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் சேகரக் கமிட்டியிடம் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பிரிவு) மனுக் கொடுத்தோம். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததால், இதே முயற்சியில் இருக்கும் பிற சபையாருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

கமிட்டியில் எழுந்த முதல் கேள்வி பணத்தைப் பற்றியதன்று. தனி அறைக்கு அனுப்பினால் பிள்ளைகள் ஆராதனையை அறியாமலே வளர்வார்களே என்று மூத்தவர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் குழந்தை ஞானஸ்நான ஆராதனையில் பெற்றோர் மட்டுமல்லாமல் சபையாரும் அந்தப் பிள்ளையின் வளர்ப்பில் பொறுப்பேற்று வாக்குக் கொடுக்கிறோம். அந்தப் பகுதியைச் சேகர குருவானவர் வாசித்துக் காட்டியபின் பேச்சின் போக்கே மாறியது. தொடக்கப் பாட்டு முதல் வேதபாடம் வரை எல்லாக் குழந்தைகளும் பெற்றோருடன் ஆலயத்திலேயே இருப்பது, பிரசங்கத்துக்கு முந்திய பாட்டின்போது விரும்புவோர் மட்டும் குழந்தையை அறையில் கொண்டுவந்து விடுவது, திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறும் நற்கருணை) உள்ள ஞாயிறுகளில் பந்திக்கு வரும்போது குழந்தையையும் அழைத்துச் சென்று ஆசீர்வாதம் பெறச் செய்வது என்று முடிவாயிற்று. அழும் குழந்தையோடு ஆலயத்தில் அமர்ந்திருக்க விரும்பும் தாயை அறைக்குப் போகும்படி யாரும் சொல்லக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதச் செய்தோம். இது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அதிக நேரம் எடுத்தது பாதுகாப்பு விதிகள்தாம். எல்லோரும் சொந்தக்காரரும் தெரிந்தவருமாக இருக்கும் சபையில் விதி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. குழந்தைகளுக்குத் தீங்கிழைப்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருக்கிறார் என்பதுதான் அதற்கு விடை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும், சபைக்குள் பேசி முடிக்க அதில் இடமில்லை என்பதையும் சபையிலுள்ள வழக்கறிஞர் ஒருவர் தெளிவாக விளக்கினார். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் எப்போதும் அறையில் இருப்பது, கதவைச் சாத்தாதிருப்பது, டயப்பர் மாற்றப் பெற்றோரையே அழைப்பது, செல்பேசியில் படம் எடுக்காதிருப்பது ஆகியவற்றை எழுதி, 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணோடு சுவரில் ஒட்டியிருக்கிறோம். குழந்தையை விடும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரே எண் எழுதிய இரண்டு ஸ்டிக்கர்களில் ஒன்றைப் பெற்றோரிடம் தருகிறோம். மற்றதைக் குழந்தையின் முதுகில் ஒட்டுகிறோம், ஏனெனில் முன்பக்கம் ஒட்டினால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைக் காட்டாதவர் தாத்தாவே ஆனாலும் குழந்தையை ஒப்படைப்பதில்லை.

அறைக்கு அதிகச் செலவில்லை. ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர் ஒருவர் தரையில் அமர்ந்து குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அறை முழுவதையும் பார்த்து, பிளக் பாயிண்டுகளை மூடவும், தண்ணீர் வாளியை வெளியேற்றவும், வாய்க்குள் போகும் அளவுள்ள பொம்மைகளைக் கழிக்கவும் சொன்னார். தொண்டையில் அடைக்கும் என்பதால் கடலை, கடலைமிட்டாய், முழுத் திராட்சை எதையும் உள்ளே அனுமதிப்பதில்லை.

பார்த்துக்கொள்பவர்கள் ஆராதனையை இழக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு மேல் ஒருவருக்கு முறை வராது. அன்று அவர் அதிகாலை ஆராதனைக்கு வந்துவிடுவார். ஆலய மிக்சரிலிருந்து வயர் இழுத்து அறையில் சிறு ஸ்பீக்கர் வைத்ததால், திரைக்குப் பின்னால் அமர்ந்து பாலூட்டும் தாய்மாருக்கும் பிரசங்கம் கேட்கிறது. முறைப் பட்டியலில் ஆண்களும் இருக்கிறார்கள். பெண்களின் வேலையாகவே இது நின்றுவிடக் கூடாது என்று வாலிபர் சங்கத்திடம் வற்புறுத்திக் கேட்டுச் சேர்த்தோம்.

சபையார் எல்லோரும் கூடி உணவருந்தும் அசனப் பண்டிகை நாளுக்கு மட்டும் இன்னும் சரியான வழி அமையவில்லை. வெளியூர்க் குடும்பங்களும் வருவதால் கூட்டம் அறைக்கு அடங்காது. ஆகவே பதிவேட்டில் ஏற்கெனவே பெயருள்ள குழந்தைகளை மட்டும் அன்று ஏற்கிறோம். ஞாயிறு பள்ளிக் கூடத்தையும் அந்த நாளுக்குத் திறந்துதரும்படி கமிட்டியிடம் மனுக் கொடுத்திருக்கிறோம்.