நினிவேயும் அம்மாவின் தையல் மெசினும்

போன புதன்கிழமை வேதபாடம் எங்கள் வீட்டில். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஃபிளாட். கோச்சி போகும்போது ஜெபிக்கிறவர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் தொடரவேண்டும். அன்றைக்கு பைபிளில் யோனா புத்தகம்: அழிவு வரும் என்று நினிவேக்குச் சொல்லக் கடவுள் அனுப்ப, ஓடிப்போன தீர்க்கதரிசியின் கதை. நடத்தியது நான்.

ஞாயிறு பாடசாலையில் யோனாவை மீனோடு முடித்துவிடுவார்கள். முள் இருப்பது நாலாம் அதிகாரத்தில். அசீரியரின் நகரமான நினிவே, இரட்டு உடுத்தி மனந்திரும்பி அழியாமல் தப்பியதும் அவருக்குக் கோபம் வருகிறது. நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்கு அப்பவே தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். புகழ்ச்சியையே குற்றச்சாட்டாக்குகிறார். அந்த வார்த்தைகள் யாத்திராகமம் 34இல் கடவுள் தன்னைப் பற்றி மோசேயிடம் சொன்னவை. அங்கே அதோடு சேர்ந்து, குற்றவாளியைச் சும்மா விடாதவர் என்றும் இருக்கிறது. யோனா அந்தப் பாதியை விழுங்கிவிட்டார். பைபிளில் அடுத்த மீகா புத்தகத்தைத் தாண்டினால் நாகூம் தீர்க்கதரிசி. அவர் அதே வசனத்தின் மற்றப் பாதியை எடுத்துப் பாடுகிறார், அதே நினிவேக்கு எதிராக. கி.மு. 612இல் ஊர் விழுந்தும் போனது.

இதை ஆயத்தப்படுத்தி வைத்துக்கொண்டு, அசீரியர் எவ்வளவு கொடியவர்கள் என்று காட்ட ஃபோனில் ஒரு படத்தையும் சுற்றுக்கு விட்டேன். யோனாவின் காலத்துக்குப் பிந்தியது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகள், பக்கத்தில் வெறுங்காலோடு சனங்கள்.

அம்மா கண்ணாடியைத் தள்ளிவிட்டு அந்த வண்டியைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நினிவேக்காரர் இரட்டு உடுத்தினவங்கள், சரி. எடுத்த சாமானைத் திருப்பிக் குடுத்தவங்களோ, பிள்ளை?"

என்னிடம் பதில் இல்லை. ராஜா மாடுகளுக்கும் இரட்டுப் போடச் சொன்னது எழுதியிருக்கிறது, கொள்ளை போனவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்லட் தட்டு சுற்றி வந்ததில் பேச்சு மாறிவிட்டது.

அம்மா எதை நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். 83 ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பில் தமிழர் வீடுகளை அடித்து எரித்த கலவரம். அடுத்த வீட்டுச் சிங்கள அன்ரி அம்மாவையும் சித்தியையும் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தாராம். வீடு எரியவில்லை, ஆனால் வழித்துத் துடைத்துக் கொண்டு போய்விட்டார்கள். பிறகு கப்பலில் காங்கேசன்துறை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, அதே ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசலால் தன் தையல் மெசினைக் கண்டார். சித்தி கத்தரிக்கோலால் கீறின கீறல் மேசையில் அப்படியே. அந்த வீட்டு மனுசி அம்மாவைப் பார்த்துவிட்டு மெசினுக்கு மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டாராம்.

படுக்கப் போகுமுன் தேடிப்பார்த்தேன். அம்மாவின் கேள்வியை யூத மதபோதகர்களான ரபிமார் எப்போதோ கேட்டிருக்கிறார்கள். நினிவேக்காரர் தங்கள் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பினார்கள் என்பதற்கு அவர்களின் தல்மூத் நூலில், தானீத் பகுதியில், ஒரு விளக்கம்: திருடின உத்தரத்தை வைத்து மாளிகையே கட்டியிருந்தாலும் மாளிகையை இடித்து உத்தரத்தை உடைமைக்காரனிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் இரக்கமா நீதியா என்று கடவுளையும் குற்றவாளியையும் மட்டும் முன்னால் நிறுத்தி வாதாடுகிறோம். உத்தரத்தைப் பறிகொடுத்தவரை யாரும் கூப்பிடுவதில்லை. யோனாவின் கோபத்தைச் சின்னப்புத்தி என்று நானே பல தரம் பிரசங்கித்திருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல வாய் வராது.

காலையில் பிளேன்டீயோடு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உத்தரத்தையே கழட்டோணுமாமோ" என்று சிரித்தார். அப்போதுதான் கேள்விப்பட்டேன், அந்த மனுசி இறந்தபோது அம்மா வெள்ளைச் சீலை உடுத்திப் போயிருக்கிறார்.

"அப்ப மன்னிச்சிட்டீங்களோ?"

"செத்த வீட்டுக்குப் போறதுக்கு மன்னிக்கோணுமோ?"

மெசின் மூலையில்தான் இருந்ததாம். மேலே பூச்சாடி வைத்திருந்தார்களாம்.