வீட்டு வரி ரசீதில் இருந்த 22 ரூபாய்

போன வருஷம் பிப்ரவரியில் வீட்டு வரி கட்ட ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வருஷா வருஷம் பணத்தைக் கட்டி, ரசீதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணும் கூட வந்திருந்தாள். அவள்தான் ரசீதை வாங்கிப் படித்தாள்.

"அம்மா, வீட்டு வரி 220. அதுக்குக் கீழே நூலக வரின்னு 22 ரூபாய் போட்டிருக்கே. நம்ம வீட்டுல யாருக்குமே லைப்ரரி கார்டு இல்லையே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. பெரிய தெருவில் தபால் ஆபீஸுக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருப்பது தெரியும். வாசலில் சைக்கிள்கள் நிற்கும், உள்ளே ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளும் நான் அந்தப் படி ஏறியதில்லை. வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி பதினோரு மணி வரை மிஷின் ஓடும். புத்தகம் என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன விஷயம் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 22 ரூபாய் மட்டும் மனதில் நின்றுவிட்டது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகிறது. இதற்கான சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். சட்டம் வேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: பதினேழு வருஷமாகக் காசு கட்டியிருக்கிறோம், ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு வெள்ளிக்கிழமை போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "வெள்ளிக்கிழமை லீவும்மா, நாளைக்கு வாங்க" என்றார். நம் ஊர்க் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் நூலகத்தை மத்தியானம் சாத்திவிட்டுச் சாயங்காலம் மறுபடி திறப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நீள மேஜையில் நாலைந்து பையன்கள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நூலகர் என் வயது இருக்கும் ஒரு பெண்மணி. "உறுப்பினர் ஆகணும் மேடம்" என்றதும் விண்ணப்பத் தாளை எடுத்துக் கொடுத்தார். பெயர், முகவரி, வேலை, கையெழுத்து. வேலை என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதினேன். ஆதார் நகல் கேட்டார், கையில் இருந்தது. முன்பெல்லாம் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் யாரைக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். எங்கள் நூலகத்தில் அது தேவைப்படவில்லை. எத்தனை புத்தகம் எடுக்க விரும்புகிறோமோ அதற்குத் தகுந்த காப்புத் தொகை, அதோடு சின்னதாக ஓர் ஆண்டுச் சந்தா. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி வாங்கினேன். உறுப்பினராக வேண்டாம் என்று விலகும்போது காப்புத் தொகையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். சந்தாவை மட்டும் வருஷம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா பதினேழு வருஷம் தள்ளிப்போட்டோம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, என் மாமியார், கையை நீட்டினார். அவருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து கட்டில், நாற்காலி, திண்ணை, அவ்வளவுதான் அவருடைய நடமாட்டம். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கத்தரித்து, சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு பைண்டிங் செய்து வைத்தவர். அந்தத் தொகுப்புகள் இன்னும் பரணில் இருக்கின்றன. எத்தனை தடவை படித்திருப்பாரோ, ஓரமெல்லாம் மஞ்சளாகிப் பொடிந்துவிட்டது. நான் எடுத்து வந்த நாவலின் முதல் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் தெரியுது" என்றார். அதன் பிறகு இரண்டு நாள் டிவி ஓடவில்லை.

இரண்டு வாரத் தவணை. அத்தைக்கு ஒரு புத்தகம் நான்கு நாளில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் எனக்கு வேலை தலைக்கு மேல். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஜாக்கெட் வாங்க ஆட்கள் வாசலில் நிற்பார்கள். ஒரு தடவை தவணை தாண்டி, சில்லறைக் காசு அபராதமும் கட்டினேன். அபராதம் கட்டும்போதுதான் நூலகரிடம் வீட்டு நிலைமையைச் சொன்னேன். அவர் உடனே கேட்டார்: "அவங்களால நடக்க முடியாதா? அப்புறம் ஏன் நீங்க அலையிறீங்க? நூலக நண்பர்கள் திட்டத்துல சேர்த்துடலாமே."

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நூலகத்துக்கு வர முடியாத வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் போன்றவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்ததும் திரும்ப வாங்கிப் போகும் திட்டம் அது. அத்தை பெயரில் தனியாக ஓர் உறுப்பினர் விண்ணப்பம் போடச் சொன்னார். வீட்டுக்கே எடுத்து வந்து கையெழுத்து வாங்கினேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பேங்கில் போட்ட மாதிரியே, இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திப் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பெண் சைக்கிளில் வந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாளாம். துணிப்பையில் ஏழெட்டுப் புத்தகம். "பாட்டி, உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாக நானும் கேட்காத கேள்வி அது. அத்தை ஒரு நிமிஷம் யோசித்து, "அழுவாச்சி வேணாம். ஊரு, ஆறு, ஜனங்க வர்ற கதையா கொண்டா" என்றார். அந்தப் பெண் அதைக் கையடக்க நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இதைப் பற்றிப் பேசும்போது நூலகர் ஒரு தகவல் சொன்னார். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினாராம். அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். அதே 1931-ல்தான் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது அதில் ஒன்று. மன்னார்குடி எங்களுக்குத் தூரமில்லை, என் தங்கையைக் கொடுத்த ஊர். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இது மட்டும் காதில் விழுந்ததில்லை. மாட்டு வண்டி வந்த வழியில்தான் இப்போது இந்தச் சைக்கிள் வருகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐப்பசியில் ஒரு சங்கடம் வந்தது. ராத்திரி பெய்த மழையில் ஜன்னல் கதவு காற்றுக்குத் திறந்துகொண்டிருக்கிறது. அத்தை படித்து முடித்து ஜன்னல் கட்டையில் வைத்திருந்த புத்தகம் முழுக்க நனைந்துவிட்டது. காலையில் எடுத்தால் கனமாக, சோற்றுப் பொட்டலம் மாதிரி இருந்தது. அத்தை பேசவே இல்லை. தலையணைக்கு அடியில் இருந்து தன் சுருக்குப் பையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

என்னிடம் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே என்று முயன்று பார்த்தேன். லைனிங் துணி வெட்டியதில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளை இரண்டிரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்து, சூட்டைக் குறைத்து, மெல்ல ஒற்றி எடுத்தேன். முதல் நாற்பது பக்கம் ஓரளவு வந்தது. அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தது. முதுகுப் பசை இளகித் தாள்கள் கழன்றுவிட்டன. தலைப்புப் பக்கத்தில் மையால் எழுதியிருந்த நூலக எண் நீலமாகக் கரைந்து பரவியிருந்தது. அதைப் பார்த்ததும், இனி இது நூலகத்துக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் வரும் வரைக்கும் காத்திருக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வார்களோ என்று பயம். நூலகர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "உலர வச்சுப் பார்த்திருக்கீங்க போல" என்றார். பிறகு விவரமாகச் சொன்னார். அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கிக் கொடுத்தால் போதும். கிடைக்கவில்லை என்றால்தான் விலையோடு கூடுதலாகப் பணம் கட்ட வேண்டி வரும். "முதல்ல தேடிப் பாருங்க. பணத்தைவிடப் புத்தகம் திரும்ப வர்றதுதான் எங்களுக்கு நல்லது. இதை நிறையப் பேர் கேட்டு எடுக்கிறாங்க."

கும்பகோணத்தில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. அப்புறம் என் பெண்தான் புத்தகத்தின் உள்பக்கத்தில் இருந்த பதிப்பகத்தின் பெயரை வைத்து எண்ணைத் தேடிக் கொடுத்தாள். போன் செய்தால் மறுபதிப்பு இருக்கிறது என்றார்கள். நனைந்த பதிப்பின் விலை 90 ரூபாய், புதியது 220. கூரியரில் ஐந்தாம் நாள் வந்தது. வீட்டு வரியும் அதே 220 என்று என் பெண் கண்டுபிடித்துச் சொன்னாள்.

புதிய புத்தகத்தைக் கொடுக்கப் போனது நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரத்தில். நூலகர் எனக்கு எதிரிலேயே அதை நூலகப் புத்தகமாக ஆக்கினார். இதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்தினார், உள்ளே ஒரு பக்கத்தில் குத்தினார், கடைசிப் பக்கத்தில் குத்தினார். பெரிய பதிவேட்டைத் திறந்து பழைய புத்தகத்தின் வரிக்கு நேரே ஒரு குறிப்பு எழுதினார். எண்ணைத் தலைப்புப் பக்கத்தில் எழுதி, மை காயும் வரை விரலால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தவணைத் தேதி போடும் தாளைப் பின்னட்டையின் உள்ளே பசை தடவி ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை நீவினார். நான் ரவிக்கைக்குப் பட்டி வைத்துக் கடைசியில் நீவுவது போலவே இருந்தது. அந்தத் தாளில் ஒரு தேதிகூட இல்லை, வெறும் கோடுகள் மட்டும்.

மேஜை ஓரத்தில் புரவலர் சேர்க்கை ரசீதுப் புத்தகம் இருந்தது. 1000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். சுவரில் பலகையில் புரவலர்கள் பெயர் எழுதியிருக்கிறது. முப்பது பெயருக்கு மேல் இருக்கும், பெண்கள் பெயர் இரண்டே இரண்டு. அன்றைக்கு என் கையில் அவ்வளவு பணம் இல்லை. வீட்டில் வந்து சொன்னேன். அத்தை மறுபடியும் சுருக்குப் பையை எடுத்தார், இந்தத் தடவை என் பக்கம் தள்ளவில்லை. ஐந்நூறு ரூபாய் எண்ணி வைத்துவிட்டு, "மீதியை நீ போடு" என்றார். வார விழா முடிவதற்குள் கட்டிவிட்டேன். ரசீது அத்தை பெயரில்தான். அதைத் தன் பைண்டிங் தொகுப்பு ஒன்றுக்குள் வைத்திருக்கிறார்.

எங்கள் வீடு வேறு ஊராட்சியில் வருகிறதே, நகராட்சியில் வருகிறதே என்று யாரும் யோசிக்க வேண்டாம். உங்கள் வரி ரசீதையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் மற்ற விடுமுறை நாட்களும் தவிர ஆதார் நகலோடு எந்த நாளும் போகலாம். வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் நூலக நண்பர்கள் பற்றி நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அன்றைக்கு நான் வீட்டு நிலைமையைச் சொல்லாமலே இருந்திருந்தால் அத்தைக்கு இது கிடைத்திருக்காது.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை, அரை மணி தாமதம். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு நாலு மணியிலிருந்தே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் மணி கேட்டதும், நான் மிஷினை நிறுத்துவதற்குள், "வந்துட்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.